இளையோர்க்கான இணையப் பக்க வடிவமைப்புக் கருவிகள்: தேர்வும் தெளிவும்

ஏடும் எழுதுகோலும் கிடைத்தால் நூல் யாக்கத் தொடங்கிவிடலாம் என்பது நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய நெறி. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாழ்ந்த ஆலிம் பெருமக்கள் அரபுத்தமிழில் அரிய நூல்களைத் தந்தது அவ்வாறே. இன்றோ, பதின்பருவத்து மகனோ மகளோ, "இணையப் பக்கம் ஒன்றை நானே வடிவமைக்க விரும்புகிறேன், எந்த மென்பொருளை வாங்கலாம்?" என்று கேட்டால், பெற்றோர் மட்டுமன்றி ஆசிரியரும் விடை கூறத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பக்கத்தின் மூன்று உறுப்புகள்

உலகளாவிய வலை என்னும் அமைப்பை 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. அவர் பணியாற்றிய செர்ன் ஆய்வு நிறுவனம், 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அதனை அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. எனவே இணையப் பக்கம் எழுதுவதற்கு எவருக்கும் உரிமத் தொகை செலுத்த வேண்டியதில்லை.

இணையப் பக்கத்தை ஒரு மணவிழா அழைப்பிதழோடு ஒப்பிடலாம். மணமக்கள் பெயர், நாள், இடம் ஆகிய செய்திகளையும் அவற்றின் வரிசையையும் அமைப்பது எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி. தாளின் நிறம், எழுத்தின் அளவு, ஓரத்துப் பூவேலை ஆகியவற்றை வகுப்பது 1996இல் தரப்படுத்தப்பெற்ற சி.எஸ்.எஸ். என்னும் பாணிமொழி. அழைப்பைப் பெற்றவர் 'வருகிறேன்' என ஒப்புதல் அளிக்க, அதனை ஏற்று விடை பகர்வது போன்ற செயல்களை ஆற்றுவது 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட். தொடக்க நிலை மாணவர் முதலிரண்டையும் கற்றால் போதும். மூன்றாவது பின்னர் வரலாம்.

கருவிகளின் வகைகள்

கருவிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, கூகுள் சைட்ஸ் போன்ற ஆயத்த அமைப்பிகள். படத்தையும் பத்தியையும் இழுத்து வைத்தால் பக்கம் உருவாகிவிடும். ஒரு மணி நேரத்தில் பயன் தெரியும். ஆனால் உள்ளே நிகழ்வது யாது என்பது மாணவருக்குப் புலப்படாது.

இரண்டாவது, 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள். நாள்தோறும் செய்தி சேர்க்கும் தளங்களுக்கு அவை ஏற்றவை. முதற்பாடத்திற்குச் சற்றுச் சுமையானவை.

மூன்றாவது, எழுத்துத் தொகுப்பிகள். விண்டோஸ் கணினியோடு வரும் நோட்பேட், 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ், 2015இல் வெளிவந்த விசுவல் ஸ்டூடியோ கோட் ஆகியன இவ்வகையின. இவற்றில் மாணவர் ஒவ்வொரு குறியையும் தாமே எழுதி, உலாவியில் திறந்து பார்க்கிறார். பிழை நேர்ந்தால் உடனே காண்கிறார், திருத்தும்போது கற்கிறார்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

செலவின்மை முதல் அளவுகோல். வீட்டிலுள்ள பழைய கணினியில் இயங்குமா என்பது இரண்டாவது. நோட்பேட் இவ்விரண்டிலும் தேறிவிடுகிறது.

செய்த வேலை நம் கையில் இருக்குமா என்பது மூன்றாவது, இதுவே தலையாயது. 1994இல் தொடங்கி உலகெங்கும் பல இலட்சம் பக்கங்களுக்கு இடமளித்த ஜியோசிட்டீஸ், 2009இல் தன் அமெரிக்கச் சேவையை மூடியது. மாணவர்க்கென மொசில்லா நடத்திய திம்பிள் 2019இல் நின்றது. கிளிட்ச் என்னும் தளம் 2025இல் பக்கங்களைத் தாங்கும் பணியைக் கைவிட்டது. தம் கோப்புகளின் படியைத் தம்மிடமே வைத்திருந்தவர் வேறிடம் பெயர்ந்து செல்ல முடிந்தது. ஆகவே, கோப்பு முதலில் தம் கணினியில் பிறக்க வேண்டும். இணையத்தில் ஏறுவது அதன் படியாக இருக்க வேண்டும்.

தமிழ் பிழையின்றித் தோன்றுமா என்பது நான்காவது. 1990களில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி எழுத்துருவைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற குறிகளாகவே காட்சியளித்தது. அவ்வாறு எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றை இன்று படிக்க இயலவில்லை. ஒருங்குறி அக்குறையைத் தீர்த்தது. கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தைத் தெரிவு செய்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதனையே அறிவித்தல் வேண்டும். அரபுச் சொற்றொடர்களைச் சேர்ப்போர், அப்பகுதிக்கு வலமிருந்து இடம் என்னும் திசைக்குறியையும் தருதல் நலம்.

காப்பும் கடமையும்

பக்கத்தை உலகுக்கு வழங்க நியோசிட்டீஸ், கிட்ஹப் ஆகியவை கட்டணமின்றி இடந்தருகின்றன. கிட்ஹப்பில் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இல்ல முகவரி, தொலைபேசி எண், பயிலும் பள்ளி, தம் ஒளிப்படம் ஆகியவற்றை இளையோர் வெளியிடலாகாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்முறைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தையாகவே கருதுகிறது என்பதைப் பெற்றோர் மனங்கொள்ளுதல் தகும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று முழுப் பக்கத்தையும் நொடியில் எழுதித் தருகின்றன. அதனை விலக்க வேண்டியதில்லை. ஆயின், தாம் விளக்கிக் கூற இயலாத ஒரு வரியும் தம் பக்கத்தில் இடம்பெறலாகாது என்ற ஒழுங்கை மாணவர் மேற்கொள்ளட்டும். விளங்காத வரியைப் பிறர் விளக்கக் கேட்பதும் கல்வியே.

நிறைவுரை

முதலில் நோட்பேட்; கை பழகியபின் விசுவல் ஸ்டூடியோ கோட்; தேவை எழுந்தபின் வேர்ட்பிரஸ். இவ்வரிசையே தக்கதென்பது எம் கருத்து. முதற்பக்கத்தின் பொருளை வெளியே தேட வேண்டா. தம் ஊர்ப் பள்ளிவாசலின் கல்வெட்டு, பாட்டியார் நினைவிலுள்ள தாலாட்டு, வீட்டுப் பெட்டகத்தில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடு ஆகிய யாவும் காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் நம் பிள்ளைகள் அழியாவண்ணம் பதித்து வைப்பின், கருவி கற்றதன் பயன் அதுவேயாகும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!