பேய்ப் படமும் பிள்ளைகளும்

1982-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘போல்டர்கைஸ்ட்’ என்னும் பேய்ப் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. அந்த தேசத்தாரே இதில் தடுமாறியவர்கள்தாம். 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கலாகாது என்று முதலில் விதித்தார்கள். அப்பீலுக்குப் பிறகு, பெற்றோர் யோசித்து அனுமதித்தால் போதும் என்று ஆயிற்று. இரண்டுக்கும் நடுவே 13 வயது என்ற பிரிவு 1984-ல்தான் ஏற்பட்டது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் கதை எழுதி, டோப் ஹூப்பர் டைரக்ட் செய்த இப்படத்தில் கொலை கிடையாது. சாவது ஒரு கூண்டுப் பறவை மாத்திரமே. ஆயினும் நமக்குத் தயக்கம் உண்டு. நம் பாட்டிமார் சொன்ன பேய் ஊர்க்கோடிப் புளியமரத்தில் குடியிருந்தது. அந்தப் பக்கம் போகாதிருந்தால் தீர்ந்தது. இந்தப் பேயோ டெலிவிஷன் பெட்டி வழியாக வீட்டுக்குள் புகுந்து, ஐந்து வயதுச் சிறுமியை அவள் அறையிலிருந்தே கவர்ந்து செல்கிறது. கோமாளிப் பொம்மை சிறுவனின் கழுத்தை நெரிக்கிறது; ஜன்னலுக்கு வெளியேயுள்ள மரம் அவனை விழுங்கப் பார்க்கிறது. படம் பார்த்த குழந்தை அன்றிரவு தன் பொம்மைகளுக்கு நடுவில்தானே படுக்க வேண்டும்? மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும் முகங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

13 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். மற்றவர்கள் பெற்றோரோடு பார்க்கட்டும். மகளை மீட்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மறு உலகத்தில் நுழையும் தாயின் தைரியம் அந்த வயதில்தான் மனத்தில் பதியும். மயானத்தின்மேல் வீடு கட்டி விற்ற கம்பெனியார், கல்லறைக் கற்களை மட்டும் அப்புறப்படுத்திவிட்டுப் பிணங்களை மண்ணிலேயே விட்டுவிட்டார்கள் என்ற விவரமும் அப்போதுதான் புரியும்.