குடலைத் தாக்கும் கொரோனா

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை சென்னையின் மேற்குப் புறநகர்களில் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்த நேரம். ஆவடியில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு ஒரு நாள் காலையில் வயிற்றுப்போக்கு கண்டது. அன்று மட்டும் ஆறேழு முறை போயிற்று. இருமல் இல்லை, சளி இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. உடம்பு மட்டும் சற்றுக் கதகதப்பாக இருந்தது. முந்தின இரவு சாப்பிட்ட குழம்பின்மேல் பழியைப் போட்டோம். பெரியம்மா வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் கொடுத்தார். மாதுளந்தோல் கஷாயமும் ஆயிற்று. நானும் தொலைபேசியில், "உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள் பெரியப்பா, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்றேன்.

நான்காம் நாள் அவர் பேச்சிலேயே தளர்ச்சி தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆக்சிமீட்டரை வாங்கி விரலில் மாட்டியபோது அது 88 காட்டியது. 95க்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி அக்கருவி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் விதத்தை வகுப்பில் பலமுறை விளக்கியவன் நான். ஆனால் வயிறு கழிகிறவருக்கு அதை மாட்டிப் பார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கொரோனா என்றால் நுரையீரல் நோய். அது வயிற்றில் எப்படித் தொடங்கும்? இப்படித்தான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

ஒரே பூட்டு, இரண்டு வீடுகள்

கொரோனா வைரசின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அதன் மேற்பரப்பில் முள் போன்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த முள்ளைச் சாவி என்று கொள்வோமானால், அதற்குப் பொருந்தும் பூட்டு நம் செல்களின் மேலுள்ள ஏ.சி.இ.2 என்னும் புரதமாகும். பூட்டு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் வைரஸ் நுழைய வழியுண்டு.

இந்தப் பூட்டு நுரையீரலுக்கு மட்டும் உரியதன்று. நம் உடலில் அது மிகுதியாகக் காணப்படும் இடங்களில் முதன்மையானது சிறுகுடல்! இரத்த அழுத்தத்தைச் சீராக்குவது அதன் ஒரு வேலை. குடலிலோ, உணவிலுள்ள சில அமினோ அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளவும் அது துணைபுரிகிறது. 2020இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் மனிதக் குடல் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த குட்டிக் குடல்களில் இந்த வைரசை விட்டுப் பார்த்தனர். அது உள்ளே புகுந்து பெருகியது.

அமெரிக்காவில் 2020 ஜனவரியில் கண்டறியப்பட்ட முதல் நோயாளிக்கே, மருத்துவமனையில் சேர்ந்த இரண்டாம் நாள் வயிறு இளகியது. மலத்தைச் சோதித்ததில் வைரசின் ஆர்.என்.ஏ. இருந்தது. எனினும் சீனாவிலிருந்து முதலில் வந்த பெரிய ஆய்வில், 1,099 நோயாளிகளுள் வயிற்றுப்போக்கு நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே காணப்பட்டது. அதனால் உலகம் முழுவதும் கவனம் இருமலின்மேலேயே நின்றது. அதே ஆண்டு ஹாங்காங் மருத்துவர்கள் 60 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, பசியின்மை இவற்றுள் ஏதேனும் ஒன்று நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேருக்கு இருந்தது தெரிந்தது. வாசல்தோறும் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானிகளுக்கு இவர்களில் பலர் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்பது லிட்டர் கணக்கு

வயிறு ஏன் கழிகிறது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாம் குடிப்பதும் உண்பதுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என உடலே ஊற்றுவது மேலும் 7 லிட்டர். ஆக 9 லிட்டர். இதில் மலத்தோடு வெளியேறுவது 100 அல்லது 200 மில்லிலிட்டர்தான். மீதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளே இதற்குக் காரணம். இவற்றால் குடலின் உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு விரிந்திருப்பதாக முன்பெல்லாம் எழுதினார்கள். 2014இல் சுவீடன் நாட்டவர் அளந்து, அது ஏறத்தாழ 32 சதுர மீட்டர், அதாவது பாட்மின்டன் மைதானத்தில் பாதி என்றனர். அதுவும் குறைவான பரப்பன்று.

இந்த உறிஞ்சிகளின் மேலுள்ள செல்களைத்தான் வைரஸ் பற்றுகிறது. உறிஞ்சும் திறன் சற்றே குறைந்தாலும் 9 லிட்டரில் ஒரு பங்கு வெளியேறத் தொடங்கும். அதோடு அந்நாட்களில் பலர் தாமாகவே வாங்கி விழுங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் வயிற்றைக் கலக்கின. நோய் பாதி, மருந்து பாதி என்று சொன்னாலும் தவறில்லை.

காய்கறியும் கழிவுநீரும்

2020 ஏப்ரல் இறுதியில் கோயம்பேடு சந்தையில் தொற்று பெருகியது. மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அந்த மாதங்களில் எங்கள் பகுதியில் கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவாத வீடுகள் குறைவு. காய்கறி வழியே வயிற்றுக்குள் நோய் வந்துவிடும் என்ற அச்சம்! உண்மையில் சந்தையில் நோயைப் பரப்பியது காய்கறியன்று, நெருக்கியடித்து நின்ற மனிதரின் மூச்சு. உணவு வழியே இந்நோய் பரவுவதாக நிறுவப்படவில்லை. சோப்புதான் சிலர் வயிற்றைக் கெடுத்திருக்கும். குடலுக்கு வைரஸ் போவது பெரும்பாலும் விழுங்கிய சளியோடு என்று கருதப்படுகிறது.

மலத்தில் வைரசின் ஆர்.என்.ஏ. வருவதால் ஒரு நன்மையும் விளைந்தது. காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020 மே மாதத்திலேயே அகமதாபாத் சாக்கடை நீரில் அதைக் கண்டனர். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் சாக்கடை நீரைச் சோதித்து, கணக்கில் வந்ததைவிடப் பன்மடங்கு பேருக்குத் தொற்று இருந்ததைக் காட்டினர். மூக்கில் குச்சி விடாமலே ஒரு நகரம் முழுவதற்கும் பரிசோதனை!

ஆனால் ஆர்.என்.ஏ. இருப்பது வேறு, நோய் பரப்பவல்ல உயிர்ப்புள்ள வைரஸ் இருப்பது வேறு. மலத்தின் வழிப் பரவல் கோவிட் நோயில் முக்கிய வழியன்று. அதன் முன்னோடியான சார்ஸ் நோயில், 2003இல், ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். வயிற்றுப்போக்குடன் வந்த ஒருவரிடமிருந்து தொடங்கியது அது. குளியலறைத் தரையில் நம் பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் அமைப்பு உண்டல்லவா? வளைவில் நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. அங்கே அந்த நீர் வறண்டிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறி சுழன்றதும் அறையில் அழுத்தம் குறைந்து, குழாய்க் காற்று நுண்துளிகளோடு உள்ளே ஏறியது என்பது ஆய்வாளர் முடிவு.

இரத்தம் உறையும்போது

வயிற்றுப்போக்கு பெரும்பாலோருக்குத் தானே நின்றுவிடும். அஞ்ச வேண்டியது வேறு. கடுமையான கோவிட் நோயில் இரத்தம் எளிதில் உறைகிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் கட்டி தங்கினால் என்ன ஆகும்? குழாயில் திரவம் பாயும் அளவு, ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்னும் பாய்சொய் விதியை மாணவர்கள் அறிவர். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். இரத்தக் குழாய்க்கு இவ்விதி அப்படியே பொருந்தாது என்றாலும், சிறு அடைப்பும் எவ்வளவு கெடுதி என்பதை அது காட்டுகிறது. முழுதும் அடைத்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்கும், நோயாளியோ வலியால் துடிப்பார். இந்த முரண்பாடே இதன் முதல் அடையாளம்.

2021இல் டில்லி சர் கங்காராம் மருத்துவமனை மருத்துவர்கள், கோவிட் நோயாளிகள் ஐவருக்கு சைட்டோமெகலோ என்னும் வேறொரு வைரசால் மலவாயில் இரத்தம் போனதை அறிவித்தனர். கறுப்புப் பூஞ்சை குடலைத் துளைத்த நிகழ்ச்சிகளும் அவ்வாண்டு நேர்ந்தன. உயிர் காக்கக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பாற்றலைத் தணித்ததும், கட்டுக்கடங்காத நீரிழிவும் இவற்றுக்கு இடமளித்தன.

பெரியப்பாவுக்கு வந்தது இரைப்பைப் புண். ஆக்சிஜனும், ஸ்டீராய்டும், இரத்தம் உறையாதிருக்க ஊசியும் கொடுத்து மூச்சு தேறிவந்த ஒன்பதாம் நாள், மலம் தார்போலக் கறுத்தது. இரைப்பையில் கசிந்த இரத்தம் அமிலத்தாலும் செரிமானத்தாலும் மாறுவதால் வரும் நிறம் அது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவோருக்கும் மலம் கறுக்கும். ஆனால் இவர் அதைச் சாப்பிடவில்லை. உறைவைத் தடுக்கும் ஊசியை நிறுத்தினால் கட்டி வரலாம், தொடர்ந்தால் கசிவு பெருகலாம் என்ற இக்கட்டில் மருத்துவர்கள் அதை இரண்டு நாள் நிறுத்தி, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது, மருந்திலேயே ஆறியது.

இருபத்திரண்டாம் நாள் வீடு திரும்பினார். அதன் பின்னும் ஏழெட்டு மாதங்கள் அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடல் உறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனி தேய்ந்தால் அதுவும் குறையும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை மோரும் சுக்குக் காப்பியுமாகவே காலம் தள்ளினார். அடுத்த ஆண்டு பொங்கலன்று பெரியம்மா பயந்துகொண்டே கொடுத்த அரைத் தம்ளர் பால் காப்பி எந்தத் தொல்லையும் தரவில்லை.