செவிப்புல நாடகம்: தேசிய வானொலியின் இசை நாடக நிகழ்ச்சிகள் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றுதல் நம் மரபு. இவற்றுள் இயல் கற்போர்க்கும், இசை கேட்போர்க்கும், நாடகம் காண்போர்க்கும் உரியன என்று பொதுவாகக் கூறுவர். காண்டற்குரியதாகிய நாடகம் காட்சியை அறவே நீக்கிச் செவி ஒன்றனையே வாயிலாகக் கொண்டு வருமாயின், அதனை எவ்வகையுள் அடக்குவது? வானொலி நாடகம் தோன்றிய நாள் முதலாக இவ்வினா நிற்கின்றது. நம் இலக்கிய வரலாற்று நூல்களுட் பல, மேடை நாடகத்திற்குத் தனி இயல் ஒன்று வகுத்து, வானொலி நாடகத்தை ஓரிரு தொடர்களிற் சுட்டி அப்பாற் செல்கின்றன. இது பொருந்துமா என்பதை அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியையும் தேசிய நாடக நிகழ்ச்சியையும் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2. ஒலிபரப்பின் வரலாறு

சென்னையில் 1924-ஆம் ஆண்டிலேயே தனியார் முயற்சியாக வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் அது 1927-இல் நின்றது. பின்னர் 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. இந்திய அரசின் ஒலிபரப்புத் துறை 1936-இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்றது. அதன் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாளிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-ஆம் நாளிலும் தொடங்கப்பெற்றன. நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியாவிற்கு உரியவாய் நின்ற நிலையங்கள் ஆறு. அவை தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, இலட்சுமணபுரி என்பன. ஆறனுள் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தமை கருதத்தக்கது.

விடுதலைக்குப் பின், பல மொழி வழங்கும் ஒரு நாட்டினர் அனைவரும் ஒரே வேளையில் ஒரே கலையைத் துய்க்குமாறு செய்தல் இயலுமா என்னும் எண்ணம் எழுந்தது. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பா. வி. கேஸ்கர் காலத்தில் இவ்வெண்ணம் உருப்பெற்றது. தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. வானொலி இசை மாநாடு 1954-இலும், தேசிய நாடக நிகழ்ச்சி 1956-இலும் தொடர்ந்தன. இசைக்கு வார இறுதியில் ஓர் இரவும் நாடகத்திற்குத் திங்களில் ஓர் இரவும் உரியவாயின.

3. சனிக்கிழமை இரவின் இசையரங்கு

தேசிய இசை நிகழ்ச்சி அந்நாளில் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடைபெற்றது. வடநாட்டு இசையும் தென்னாட்டு இசையும் அதில் இடம் பெற்றன. தில்லியிலிருந்து அஞ்சல் செய்யப்படும் நிகழ்ச்சியைப் பிற நிலையங்கள் வாங்கி ஒலிபரப்பின. இதனால், கயாலையும் துருபதத்தையும் கேட்டறியாத தென்னாட்டுச் சிற்றூர்களுக்கு அவை எட்டின. இராக ஆலாபனையும் பல்லவியும் வடநாட்டு இல்லங்களுள் ஒலித்தன.

இவ்வேற்பாடு இசையின் வடிவத்தையும் தொட்டது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் ஒழுங்குபடுத்தியதாகப் போற்றப்படும் கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகளின் வழியாக இராகம் தானம் பல்லவியை அடைந்து, சிறு உருப்படிகளில் முடிவது. அவையினரின் முகக்குறிப்பறிந்து விரித்தும் சுருக்கியும் பாடுதற்கு மேடையில் இடமுண்டு. ஒலிவாங்கியின் முன் அமர்ந்த பாடகர்க்கு முகம் இல்லை. கடிகாரம் ஒன்றே உண்டு. வேளை முடிந்தவுடன் பாட்டும் முடிதல் வேண்டும். ஆகவே எதனை விரிப்பது, எதனை விடுப்பது என்னும் தெரிவு பாடுதற்கு முன்பே முடிந்திருத்தல் இன்றியமையாததாயிற்று. இக்குறையை ஓரளவு நீக்கவே, இசை மாநாட்டு நிகழ்ச்சிகள் அழைக்கப்பெற்ற அவையினர் முன் நடத்தப்பெற்றன எனலாம்.

மற்றொன்றும் நோக்குதற்குரியது. பாட்டிற்கு முன் இராகம், தாளம், இயற்றியவர் ஆகியவற்றை அறிவிப்பாளர் கூறுதல் வானொலியின் வழக்கம். மேடையில் பயின்றோர்க்கு இவ்வறிவிப்பு வேண்டா. பயிலாதோர் அருகிருந்தாரை வினவிக்கொள்வர். வானொலி கேட்போர்க்கோ அருகிருப்பார் இல்லாமலும் போகலாம். பாட்டிற்கு முன் நின்று அதனை இன்னதென்று காட்டும் இச்சிறு குறிப்பு நம் ஆய்விற்குப் பின்னர்ப் பயன்படும்.

இம்முயற்சி எதிர்ப்பின்றி நடந்ததன்று. செவ்விய இசையை வளர்க்கும் நோக்கத்தோடு திரைப்பாடல்களின் அளவை வானொலி குறைத்தபோது, கேட்போர் பலர் இலங்கை வானொலியை நாடினர். 1957-இல் விவித பாரதி என்னும் மெல்லிசை ஒலிபரப்பு தொடங்கப்பெற்றது இதன் விளைவே. மக்களின் சுவையை ஆணையால் மாற்றுதல் அரிது என்பதற்கு இஃதொரு சான்று. ஆயினும், சனிக்கிழமை இரவிற்குக் காத்திருந்து கேட்கும் ஓர் அவையை அந்நிகழ்ச்சி உருவாக்கியது என்பதும் மறுத்தற்கரியது.

4. ஓர் இரவில் பல மொழி நாடகம்

இசை மொழிபெயர்ப்பை வேண்டாதது. நாடகமோ மொழியால் ஆயது. ஆதலின் தேசிய நாடக நிகழ்ச்சிக்கு வேறு முறை வகுக்கப்பெற்றது. இந்திய மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் எழுதப்பெற்ற நாடகத்தைத் தேர்ந்து, பிற மொழிகளில் பெயர்த்து, அந்தந்த நிலையத்து நடிகர்களைக் கொண்டு ஒரே இரவில் ஒலிபரப்பினர்.

இம்மொழிபெயர்ப்பு அச்சுக்குரிய மொழிபெயர்ப்பினும் அரியது. அச்சில் பேசுவார் பெயர் ஒவ்வொரு கூற்றின் முன்னும் நிற்கும். வானொலியில் பேசுவார்க்கும் கேட்பார்க்கும் உள்ள உறவை விளிச்சொல்லே உணர்த்தல் வேண்டும். மராத்தியில் ‘காகா’ என்னும் ஒரு சொல் தந்தையின் உடன்பிறந்தார் எவரையும் குறிக்கும். தமிழில் அதனைப் பெயர்ப்பவர் பெரியப்பா, சித்தப்பா என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மறுதலையாக, நம் ‘மாமா’ தாயின் உடன்பிறந்தாரையும், மாமனாரையும், அத்தையின் கணவரையும் குறிக்கும். இந்தியில் பெயர்ப்பவர்க்கு இம்மூவர்க்கும் மூன்று சொற்கள் உள. எனவே மூலத்தில் வெளிப்படையாக இல்லாத உறவையும் அவர் ஆராய்ந்து துணிதல் வேண்டும். நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலை வேறுபாடும் இத்தகையதே. கணவன்பால் சினங்கொண்ட மனைவி ‘நீங்கள்’ என்பதினின்று ‘நீர்’ என்பதற்கு மாறுவாளாயின், அவ்வொரு சொல் மேடையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதலுக்கு நிகராகும். ஒரு நாடகம் பல மொழிகளில் ஒலித்த அவ்விரவுகளின் எழுத்துப்படிகள் ஒப்பீட்டு ஆய்விற்குப் பெருஞ்செல்வம் என்பது இதனால் விளங்கும்.

5. இருளில் நிகழும் நாடகம்

வானொலிக்கென்றே எழுதப்பெற்ற முதல் நாடகங்களுள் ஒன்றாக ரிச்சர்டு ஹ்யூசு இயற்றிய ‘டேஞ்சர்’ என்பதைக் குறிப்பர். பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1924 ஜனவரியில் அதனை ஒலிபரப்பியது. நிலக்கரிச் சுரங்கத்தினுள் விளக்கு அணைய, அகப்பட்டோர் இருளில் பேசுவதே அந்நாடகம். பாத்திரங்களுக்கும் கண் பயன்படாத இடத்தை ஆசிரியர் தேர்ந்தமையால், கேட்போர்க்குக் காட்சி இல்லாமை ஒரு குறையாகத் தோன்றாதாயிற்று. 1954-இல் அந்நிறுவனம் ஒலிபரப்பிய டிலன் தாமசின் ‘அண்டர் மில்க் வுட்’ ஓர் ஊரின் ஒரு நாளைக் குரல்களாலேயே காட்டுவது. அதுவும் உறங்கும் ஊரின் இருளிலேயே தொடங்குகின்றது. இந்தியில் தரம்வீர் பாரதி இயற்றிய ‘அந்தா யுக்’ மேடை ஏறுதற்கு முன்னரே அலகாபாத் வானொலியில் ஒலித்தது. பாரதப் போரின் இறுதி நாளில் தொடங்கும் அந்நாடகத்தில், விழியற்ற திருதராட்டிரன் போர்ச் செய்தியைச் செவியாலேயே அறிகின்றான். கேட்போரும் அவன் நிலையிலேயே உளர்.

இம்மூன்றும் வேறு வேறு நாட்டிலும் சூழலிலும் எழுந்தவை. எனினும் கண்ணுக்கு வேலையில்லாத நிலையைக் கதையின் உள்ளுறுப்பாகவே அமைத்துக்கொண்டமை மூன்றற்கும் பொதுவாகும். மேடை நாடகத்தைச் சுருக்கி ஒலிவாங்கியின் முன் படித்தால் வானொலி நாடகம் ஆகிவிடாது என்பதை இவை தெளிவுறுத்துகின்றன.

6. செய்யுளுறுப்பும் வானொலி நாடகமும்

செவியொன்றனையே நம்பிய நாடகத்தை ஆராய்தற்குரிய கருவி நம்மிடம் உளதா? உளது என்பதே நம் துணிபு.

தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்து நான்கு உறுப்புகளை எண்ணுகின்றார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன நம் பொருட்கு நேரே உரியன. பேசுவார் யார், அதனைக் கேட்பார் யார், நிகழும் இடமும் பொழுதும் யாவை என்பவற்றை முதல் நான்கும் குறிக்கும். இன்ன சொல் இன்னார் இன்னார்க்குக் கூறத் தகும் என்று கேட்டோர் உய்த்துணருமாறு அமைவது முன்னம். கூறாது விட்டதனைச் சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் நிரப்பிக்கொள்ளுமாறு நிற்பது எச்சம். வானொலி நாடக ஆசிரியன் ஒவ்வொரு தொடரை எழுதும்போதும் எதிர்கொள்ளும் வினாக்கள் இவையே அன்றோ?

இவ்வொற்றுமை தற்செயலாய் வந்ததன்று. அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒருவர் கூற்று. அங்கே ஆசிரியன் இடையே தோன்றிக் கதை கூறான். பேசுவார் குரல் மட்டுமே நமக்குக் கேட்கும். யார் பேசுகின்றார் என்பதையும், அப்பேச்சை மறைவில் நின்று கேட்பவர் உளரா என்பதையும் சொல்லிலிருந்தே உணர்தல் வேண்டும். பின்னர்த் தொகுத்தோர், தலைவி தோழிக்கு உரைத்தது என்றாற்போன்ற கூற்றுக் குறிப்பைப் பாட்டின் அடியில் சேர்த்தனர். முன்னர்ச் சுட்டிய வானொலி அறிவிப்பும் இக்குறிப்பும் ஒரே தொழில் செய்வன. காட்சியின்றி வரும் குரலுக்கு இரண்டும் களன் அமைத்துக் கொடுக்கின்றன.

மெய்ப்பாடு பற்றி ஒரு தடை எழலாம். மெய்யின்கண் தோன்றுவது மெய்ப்பாடாயின், மெய் காணப்படாத வானொலியில் அஃது எங்ஙனம் அமையும் என்பர். மெய்ப்பாட்டியலின் இறுதியில் தொல்காப்பியர் கண்ணோடு செவியையும் உடன்கூறி, இரண்டானும் உறுதியாக உணரவல்லார்க்கே மெய்ப்பாட்டின் நுண்பொருள் விளங்கும் என்கின்றார். செவியும் மெய்ப்பாட்டை உணரும் வாயில் என்பது இதனாற் பெறப்படும். நகையும் அழுகையும் வெகுளியும் குரலிலேயே வெளிப்படுவன. அச்சமோ, காணாதவிடத்து மிகுவது. மருட்கை ஒன்றே சற்று அரிது; வியப்புக்குரிய பொருளைக் காட்ட இயலாமையின், வியந்தவன் குரலின் தடுமாற்றத்தால் அதனைக் காட்டல் வேண்டும். எண்வகை மெய்ப்பாடும் வானொலியில் ஒரே அளவினவாய் அமையா. ஆயினும் அமையாதது ஒன்றும் இல்லை.

சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891-இல் வெளிவந்தபோது, நடித்தற்கின்றிப் படித்தற்கே உரிய நாடகமும் உண்டு என்பதைத் தமிழுலகம் ஏற்றுக்கொண்டது. நடிப்பு நாடகம், படிப்பு நாடகம் என்னும் இரண்டனோடு கேள்வி நாடகம் என்னும் மூன்றாவது வகையையும் ஏற்றல் முறையே.

7. முடிவுரை

இவ்வகையை ஏற்பதனால் வரும் பயன் பெயரளவில் நின்றுவிடுவதன்று. தொடக்கக் காலத்து வானொலி நாடகங்களுட் பல நேரே நடிக்கப்பெற்று அவ்வளவில் காற்றோடு கலந்தன. பின்னர் ஒலிப்பதிவு நாடா வந்தபோதும், அதன் விலை கருதிப் பழைய பதிவை அழித்துப் புதியதைப் பதிதல் உலகின் ஒலிபரப்பு நிலையங்கள் பலவற்றிலும் வழக்கமாயிருந்தது. எஞ்சிய நாடாக்களும் காலத்தால் நைவன. வானொலிக் காப்பகத்து இசைப்பதிவுகளிற் பல பொதுமக்களுக்கு வெளியிடப்பெற்றுள்ளன. நாடகப்பதிவுகள் அவ்வளவு வெளிவரவில்லை.

ஆகவே முதுகலை மாணாக்கரும் ஆய்வாளரும் செய்தற்குரிய பணிகள் மூன்று. எழுத்தாளர் இல்லங்களிலும் நடிகர் கைகளிலும் தங்கியுள்ள எழுத்துப்படிகளைத் தேடித் தொகுத்தல் முதலாவது. ஒலிவாங்கியின் முன் நடித்தவர்களுள் இன்றும் நம்மோடு உள்ள முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்தல் இரண்டாவது. தேசிய நாடகங்களின் பல மொழிப் படிகளை ஒப்புநோக்கல் மூன்றாவது. முன்னிரண்டும் காலந்தாழ்த்தலாகாதன.

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகத்தமிழ் நூல்களின் பெயர்களைக் குறிக்கின்றார். அந்நூல்கள் இன்று நமக்குக் கிடைத்தில. சில சூத்திரங்களும் பெயர்களுமே எஞ்ச, நூல்கள் மறைந்தமைக்கு நாம் வருந்தாத நாளில்லை. அவை ஏட்டில் இருந்து அழிந்தவை; அவற்றைக் காத்தல் நம் காலத்தார் கையில் இல்லை. வானொலி நாடகங்களை எழுதியோரும் நடித்தோரும் நமக்கு ஒன்றிரண்டு தலைமுறைக்கு முற்பட்டவரே. அவர்தம் படைப்புகளும் பெயரளவில் எஞ்சுமாயின், அதற்குக் கறையானையும் வெள்ளத்தையும் நாம் காரணமாகக் கூற இயலாது.