ஆறாத வாய்ப் புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் உள்ளன. எந்தச் செல்லில் எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அது குலையும்போது புற்றுநோய் தொடங்குகிறது.

வாயில் புகையிலை அடக்குபவர்களுக்கு அதன் நச்சு தினமும் கன்னத்தின் உட்புறச் செல்களில் படுகிறது. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 மரபணு சேதமடைகிறது. செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் பி16 மரபணு, பலருக்குச் சிதையாமலே முடங்கிவிடுகிறது. மெத்தில் என்ற சிறு வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதை இயங்கவிடாமல் செய்வதே காரணம். தடை நீங்கிய செல்கள் பெருகிக் கட்டியாகின்றன.

செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதத்தின் மரபணுவும் அடங்கிவிட்டால், அவை பிரிந்து கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும்.

இதற்கெல்லாம் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும். அதுவே நமக்குக் கிடைக்கும் அவகாசம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் சிரமம், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பலருக்கு வலிப்பதில்லை. புகையிலையை இன்றே விடுங்கள்.

நோயாளியை ஒதுக்காதீர்கள். ஒரே சஹனில் சாப்பிட்டாலும் இந்நோய் தொற்றாது.