குலுங்கும் இன்ஜின், குற்றவாளி யார்?

கார்புரேட்டர் கார்களின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புனேயின் பழைய பத்மினிகளும் மாருதிகளும் இன்னும் ஓடுகின்றன, சில சமயம் இருமிக்கொண்டு.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு முறை முக்கிவிட்டுத்தான் வண்டி நகர்கிறது. ஏற்றத்தில் இரண்டு தடவை வெட்டி இழுக்கிறது. மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. பெரும்பாலான உரிமையாளர்கள் உடனே எடுக்கும் முடிவு: கார்புரேட்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம்.

பல நேரங்களில் அது தவறான தீர்ப்பு. கார்புரேட்டர் மீது விழும் பழியில் பெரும்பங்கு இக்னிஷனுக்குச் சேர வேண்டியது.

புனேயில் இந்தக் கேள்விக்குத் தனி மவுசு உண்டு. மோட்டார் தொழிலால் வளர்ந்த நகரம் இது. டாடாவின் பிம்ப்ரி தொழிற்சாலையும் பஜாஜின் ஆகுர்டி தொழிற்சாலையும் இதன் அடையாளங்கள். நாட்டின் வாகனங்களைப் பரிசோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் 1966 முதல் இங்கேதான் இயங்குகிறது. தமிழர்கள் பல காலமாக வசிக்கும் ராஸ்தா பேட்டை ஒட்டிய நானா பேட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பழைய வண்டிக்காரர்கள் காஸ்கெட், ஜெட், டயஃப்ரம் தேடி வந்து சேரும் இடம் அது.

ஆனால் ஆட்கள்தான் குறைந்து வருகிறார்கள். 1983-இல் வந்த மாருதி 800, 2000-வாக்கில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறியது. அதே காலகட்டத்தில் பிரீமியர் பத்மினியின் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. இன்றைய இளம் மெக்கானிக் கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறின் எண்ணைப் படிக்கிறார். பத்மினியில் செருக இடமே இல்லை. அதைக் காதால் கேட்டு, கையால் தொட்டுத்தான் படிக்க வேண்டும்.

முதலில் மின்சாரம்

பழைய கைகள் பின்பற்றும் வரிசை எளியது: முதலில் நெருப்பு, அடுத்து காற்று, பிறகு பெட்ரோல், கடைசியில் இன்ஜினின் உள்ளுறுப்பு. செலவு குறைந்ததில் தொடங்கி அதிகமானதை நோக்கிப் போவதுதான் இதன் சூட்சுமம்.

இன்ஜினை ஓடவிட்டு, இன்சுலேட்டட் குறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார்கள். (பாயின்ட் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே இந்த முறை. எலெக்ட்ரானிக் இக்னிஷனில் ஆபத்து.) நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். எந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமில்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று பொருள்.

அந்த பிளக்கைக் கழற்றினால் அதன் நிறம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடாகிறது.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். பாயின்ட்டுகள் குழி விழுந்து தேயும். அவற்றின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அது மாறினால் டைமிங்கும் மாறும். கன்டென்சர் பழுதானால் பாயின்ட் கருகும், பொறி வலுவிழக்கும். புனேயின் ஜூலை மழையில் இன்னொரு தொல்லை: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கி, மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். மூடியில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

திருட்டுக் காற்று

பொறி சரியாக இருந்தும் ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? கார்புரேட்டரின் அடியிலுள்ள காஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பு, வேக்வம் குழாய்கள் ஆகியவற்றில் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. சில மெக்கானிக்குகள் அந்த இடத்தில் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பது வழக்கம். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதிக்கும்போது இது வீண் விபரீதம். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் மெல்லத் தெளித்தாலே போதும். கசிவு கண நேரம் அடைபட, இன்ஜின் சத்தம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

இந்த இரண்டும் தேறிய பிறகுதான் கார்புரேட்டர் விசாரணைக்கு வருகிறது. அதிலும் நோய்க்குறி பேசும். நிற்கும்போது மட்டும் தடுமாறி, வேகத்தில் சீராக ஓடினால் ஐடில் ஜெட்டில் அடைப்பு. நின்றால் சீராக இருந்து, ஏற்றத்தில் திணறினால் மெயின் ஜெட், ஃபில்டர் அல்லது பெட்ரோல் பம்ப். திடீரென மிதிக்கும்போது மட்டும் தயங்கினால் ஆக்ஸிலேட்டர் பம்ப்பின் டயஃப்ரம். சூடான பிறகும் கரும்புகை வந்தால் சோக் திறக்கவில்லை, அல்லது ஃப்ளோட்டின் நீடில் மூடவில்லை. ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை சற்றுப் பெரிதானாலும் கணக்குத் தப்பிவிடும். காற்றால் ஊதுவதே முறை.

இத்தனைக்கும் மசியாத மிஸ்ஸிங் என்றால் டாப்பெட் இடைவெளியும் கம்ப்ரெஷனும் பார்க்கப்படுகின்றன. ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். பெரிய செலவு தொடங்குவது இங்கேதான்.

மலையும் எத்தனாலும்

மும்பையிலிருந்து வரும் பழைய வண்டிகளுக்கு போர் காட் மலைப்பாதை ஒரு தேர்வு. கோபோலியிலிருந்து கண்டாலா வரை சுமார் 500 மீட்டர் ஏற்றம். கோடை நண்பகலில் இன்ஜினை ஒட்டியுள்ள பம்ப்பிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை பம்ப்பால் தள்ள முடியாது, வண்டி நின்றுவிடும். இதுதான் வேப்பர் லாக். அதற்கு டிரைவர்களின் கைவைத்தியம், பம்ப்பின் மேல் ஈரத்துணி. பழைய பாதையின் ஓரங்களில் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்த கார்கள் ஒரு காலத்தில் அன்றாடக் காட்சி.

இப்போது சேர்ந்திருப்பது புதுச் சிக்கல். 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று தேவை. இந்தக் கலவைக்கு சுமார் 13.5 பங்கே போதும், ஏனெனில் எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. புதிய கார்களில் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. விளைவு: பெட்ரோல் போதாத ஓட்டம், தயக்கம், கார்புரேட்டர் வழியே 'பட்' என்ற சத்தம். மிக்ஸர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்தால் ஐடிலிங் சீராகும். வேக ஓட்டத்துக்கு ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் தேவைப்படலாம்.

எத்தனால் நீரையும் ஈர்க்கும். வாரக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க்கில் அந்த நீர் அடியில் பிரிந்து தங்கலாம். பழைய ரப்பர் ஊறி உப்பும், வெடிக்கும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பின் சில ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டுகளையும் மாற்ற நேரிடலாம் என்று மத்திய அரசே 2025-இல் சொன்னது. கால் நூற்றாண்டு வெயிலில் காய்ந்த குழாய்க்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டும் ஒரு துளி போதும், கார் தீப்பிடிக்க. ஆகவே மிஸ்ஸிங்கைத் தேடும் முன்பே மாற்ற வேண்டியது எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாய்களை.

சீரற்ற இன்ஜினுக்கு இன்னொரு நீதிபதியும் உண்டு: பி.யு.சி. மையம். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். என்பது வரம்பு. எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக மீட்டரில் ஏறும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாத கார் இதில் தேறுவது கடினம். அங்கே தோற்றுவிட்டு வந்து மிக்ஸர் ஸ்க்ரூவை மட்டும் திருகுபவர்கள் நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரைத் திருத்துகிறார்கள்.

20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டியை வைத்திருப்பதே செலவுதான். அதற்கு மேல் நல்ல கார்புரேட்டரைத் தூக்கி எறிவது வீண் செலவு. கன்டென்சரையும் ஒரு ஜோடி பாயின்ட்டையும் பார்த்த பிறகு தீர்ப்பு எழுதினால், பல பத்மினிகள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பிக்கும்.