ஒட்டிக்கொண்ட கிளட்ச்

1948-ல் முதன்முதலாக வெளிவந்த பி.எஸ்.ஏ. பேண்டம் மோட்டார் சைக்கிள் ஒன்றை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். சில வாரம் ஓட்டாமல் நிறுத்தியிருந்தோம். ஒருநாள் விடியற்காலை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்தபடியே கியர் போட்டோம். வண்டி திமிறிக்கொண்டு பாய்ந்தது! பெரட்டுக்குப் போன அம்மா ஒருவர் மயிரிழையில் தப்பினார்.

நின்ற வண்டியில் எண்ணெய் பிசுபிசுத்து, கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். பிடித்தாலும் பிரியாது.

இதற்கு வைத்தியம் உண்டு. ஸ்டார்ட் செய்யுமுன், கியரில்லாமல், கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை மிதியுங்கள். முதலில் கனக்கும், தட்டு பிரிந்ததும் லேசாகிவிடும். பிரியவில்லையா? கேபிள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் தட்டுகளைக் கழற்றிக் கழுவி, புது எண்ணெய் ஊற்றுங்கள்.

அரை நிமிட வேலைதான். சோம்பல்பட்டால் அடுத்தவர் கால் போய்விடும், தோழர்களே!