குறுங்குழல் சுழல் துப்பாக்கி

எங்கள் ஒட்டுசுட்டானில் துவக்கு என்றால் பயிர் காக்கும் நெடுங்குழல் துவக்கையே கருதுவர். உள்ளங்கையில் அடங்கும் சுழல் துப்பாக்கி வேறு இனம். 1872 இல் இங்கிலாந்தின் வெப்ளி நிறுவனம் செய்த ‘புல்டாக்’ இரண்டரை அங்குலக் குழலும் ஐந்து தோட்டா அறைகளும் உடையது. 1881 ஜூலை 2 ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டதும் அவ்வினத்ததே. நூதனசாலையில் அழகாயிருக்கும் என்றெண்ணிக் கொலைஞன் தந்தப்பிடியை விரும்பினானாம். ஸ்மித்சோனியன் நூதனசாலையிலிருந்த அத்துப்பாக்கியோ பின்னர் காணாமற் போயிற்று!

குழல் குறுகக் குறுக முன்குறியும் பின்குறியும் நெருங்கிவிடுகின்றன. ஆதலால் கை மயிரிழை அசையினும் இலக்குத் தவறும். அயல்நாடுகளில் இவற்றைத் தேடிச் சேகரிப்போர் உளர். இலங்கையிலோ, 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். 2009 வரை போர் நிகழ்ந்த எங்கள் மண்ணில் துருவேறிய துப்பாக்கியொன்று அகப்பட்டால், மாணவர் அதனைத் தொடலாகாது. அறைக்குள் தோட்டா இருக்கக்கூடும்.